செபத்தை விழுங்கி அடித்த மணி

“அந்த இரைச்சல் வேணும் அக்கா. எடுத்துப்போடாதேங்கோ.”

வினோஜா இதைச் சொன்னபோது நான் அந்தப் பழைய சரக்குக் கிட்டங்கியின் சீமெந்துத் தரையில் முழங்காலில் நின்றுகொண்டிருந்தேன். காலையிலிருந்து ஸ்பீக்கர் பொக்ஸ்களுக்குள் ‘ம்ம்ம்’ என்று ஒரு இரைச்சல். ஒன்றரை மணித்தியாலம் வயர் வயராகக் கழற்றிப் பார்த்து, கடைசியில் எர்த் விட்டுப்போன ஒரு வயரைக் கண்டுபிடித்து மாற்றி, இரைச்சல் நின்று, நானும் ஒரு பெருமூச்சு விட்டு நிமிர்ந்த நேரம் அது. பன்னிரண்டு வருடமாகச் சவுண்ட்ஸ் போடுகிறேன். கோயில் பெருநாள், கலியாணம், பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி, செத்தவீடு. இரைச்சலை எடு என்று என்னோடு சண்டைக்கு வந்தவர்கள் நிறையப் பேர். இரைச்சலைத் திருப்பித் தா என்று கேட்ட முதல் ஆள் இவள்தான்.

“பிள்ளை, உது பழுது,” என்றேன்.

“ஓம் அக்கா. அந்தப் பழுதுதான் எனக்கு வேணும்.”

பழுதான வயரைத் திரும்பவும் கொழுவினேன். ம்ம்ம். கண்ணை மூடிக் கேட்டுவிட்டு “வடிவாயிருக்கு” என்றாள். நான் அடுத்த வேலையைப் பார்க்கப் போனேன்.

ஊர்காவற்றுறைத் துறையடியில் இருக்கிற அந்தக் கிட்டங்கிக்குக் கூரை போய் எத்தனையோ வருடம். நாலு சுவரும் ஒரு பெரிய வாசலும்தான் மிச்சம். அதற்குள்தான் மூன்று நாள் கண்காட்சி. ஒரு மூலையில் உப்புக் குவியல், ஒரு மூலையில் நீலச் சாயம் போட்ட வலை, நடுவில் இரண்டாக அறுத்த ஒரு பழைய வள்ளம். வள்ளத்தை ஏன் அறுத்தார்கள் என்று நான் கேட்கவில்லை. முதல் நாள் பின்னேரம் வினோஜா சத்தம் வாசிப்பாள், அவளோடு வந்த சசிகரன் சுவரில் படம் ஓட்டுவான். இரண்டும் லைவ். வினோஜா பக்கத்து நாரந்தனைப் பிள்ளை, கொழும்பிலும் பிறகு வெளிநாட்டிலும் படித்தவள். நல்ல பிள்ளை, பணிவான பிள்ளை, ஆனால் என்னை ஒரு நாளில் நரைக்க வைத்துவிட்டாள்.

எந்த விழாவுக்கும் நான் முதலில் கேட்பது நிகழ்ச்சி நிரல். முதலில் செபம், பிறகு வரவேற்புரை, பிறகு பிள்ளைகளின் நடனம் என்று ஒரு தாள் தந்தால் எந்த நேரம் எந்த மைக்கைத் திறப்பது, எதை மூடுவது என்று எனக்குத் தெரியும். இவளிடம் கேட்டேன்.

“அப்பிடி ஒண்டும் இல்லை அக்கா. அந்த நேரத்தில என்ன வருதோ அதுதான்.”

“என்ன வரும்?”

“இப்ப தெரியாது. லப்டொப்பில நிறையச் சத்தம் பதிஞ்சு வைச்சிருக்கிறன். அந்த நேரம் எடுத்து இழுத்து, சுருக்கி, கலந்து போடுவன்.”

“அப்ப ஒத்திகை?”

“ஒத்திகை பாத்தா அது லைவ் இல்லையே அக்கா.”

சசிகரன் இன்னொரு பக்கம். ஆறு மணிக்குச் சுவரில் படம் போட ஏலாது, அந்தச் சுவர் மேற்கைப் பார்த்தது, வெயில் இறங்க ஆறரை தாண்டும் என்று நான் செவ்வாய்க்கிழமையே சொல்லியிருந்தேன். அவனுடைய போனில் சூரியன் மறைகிற நேரம் வேறு மாதிரிக் காட்டியதாம். எங்கள் துறைமுகத்தில் சூரியன் எப்போது இறங்கும் என்று அவனுடைய போனுக்கும் எனக்கும் ஒரு நாள் முழுக்க வழக்கு நடந்தது.

இவ்வளவு எரிச்சலையும் பொறுத்துக்கொண்டு நான் இதைச் செய்ததற்குக் காரணம் என் அப்பா. யாகப்பு என்றால் எங்கள் ஊரில் கோயில் மணிதான் ஞாபகம் வரும். முப்பத்தொரு வருடம் அவர்தான் அடித்தார். இரண்டு மாதத்துக்கு முன் பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. வாயும் கோணிவிட்டது. ஆசுப்பத்திரியில் கதைக்கப் பழக்குகிற பிள்ளை, குரல் இருக்கிறது, நாக்கும் அசைகிறது, இவர் முயற்சி செய்தால் பேச்சு வரும் என்று சொன்னாள். இந்த மாதங்களில் பழகாவிட்டால் பிறகு கஷ்டம் என்றும் சொன்னாள். ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொன்னாள். மனப்பாடமான செபங்களைச் சொல்லச் சொன்னாள். மனிதர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். வெட்கமோ, கோபமோ, வாழ்ந்தது போதும் என்ற நினைப்போ தெரியாது. அம்மா கெஞ்சினாள், பங்குச் சுவாமியார் வந்து கதைத்துப் பார்த்தார், நான் சத்தம் போட்டேன். ஒரு சொல் இல்லை.

என் மனுசன் கட்டாருக்குப் போன பிறகு இந்தக் கருவிகளைச் சும்மா கிடக்க விடாமல் நான் கையில் எடுத்தபோது, ஊரில் எல்லாரும் ஒரு மாதிரிப் பார்த்தார்கள். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் நான் எங்கே சவுண்ட்ஸ் போட்டாலும் வீட்டு வாசலில் கதிரையைப் போட்டுக் கேட்டுக்கொண்டிருப்பார். நான் வந்து வயரைச் சுருட்டி முடிப்பதற்குள் தீர்ப்பு வந்துவிடும். இண்டைக்குச் சுவாமியாற்ற குரல் மூக்கால வந்தது. பாட்டுக்காரற்ற ஆர்மோனியம் மட்டும்தான் கேட்டது. கடைசிப் பாட்டுக்கு இரைஞ்சது. பன்னிரண்டு வருடத்தில் ஒரு நாளும் நல்லாயிருந்தது என்று அந்த வாயிலிருந்து வந்ததில்லை. அதற்காக எத்தனை நாள் சாப்பிடாமல் படுத்திருக்கிறேன். இப்போது நான் வேண்டிக்கொண்டதெல்லாம், நல்லதைச் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை, அந்தக் குறையையாவது ஒரு தடவை சொல்லட்டும் என்பதுதான்.

அதனால்தான் அந்த வேலையைச் செய்தேன். வினோஜா தெளிவாகச் சொல்லியிருந்தாள், நாலு பொக்ஸ், நாலும் கிட்டங்கிக்கு உள்ளே. நான் ஓம் என்றேன். ஆனால் எங்கள் பக்கத்தில் சவுண்ட்ஸ் என்றால் உள்ளே இருக்கிறவர்களுக்கு மட்டும் போடுவதில்லை. வர ஏலாதவர்களுக்கு, குசினியில் நிற்கிறவர்களுக்கு, கடலில் நிற்கிறவர்களுக்கு எல்லாம் கேட்க வேண்டும். தெருவில் கேட்காவிட்டால் அன்ரனிட்டாவின் சாமான் பழுதாம் என்று அடுத்த நாளே கதை வந்துவிடும். அவர்கள் தேத்தண்ணி குடிக்கப் போன நேரம் நானே ஏணி வைத்து ஏறி, சுவர் உச்சியில் இரண்டு பெரிய லவுட்ஸ்பீக்கர்களைக் கட்டினேன். ஒன்று கடல் பக்கம். மற்றது எங்கள் வீட்டுப் பக்கம், அப்பா படுத்திருக்கிற அறை யன்னலுக்கு நேரே. யாரிடமும் சொல்லவில்லை.

ஆறு மணிக்கு ஆட்கள் வந்தார்கள். கொழும்பிலிருந்து ஒரு வான் நிறைய, யாழ்ப்பாணத்திலிருந்து கொஞ்சப் பேர், ஊரிலிருந்து பள்ளிக்கூடப் பிள்ளைகளும் இரண்டு ரீச்சர்மாரும். எல்லாரையும் போனை நிறுத்தச் சொன்னார்கள், நானும் நிறுத்திப் பையில் போட்டேன். வெயில் சுவரில் தகதகவென்று நின்றது. சசிகரன் புரொஜெக்டரையும் சூரியனையும் மாறி மாறிப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். இருபது நிமிடம் போனபின் வினோஜா பொறுக்கமாட்டாமல் தொடங்கினாள்.

முதலில் என் பழுதான வயரின் ம்ம்ம். அது மட்டும் ஐந்து நிமிடம். வந்தவர்கள் தரையில் சப்பாணி கட்டி இருந்து கவனமாகக் கேட்டார்கள். பிறகு சிப்பி அரைபடுகிற மாதிரி ஒரு சத்தம், பிறகு படகு இயந்திரம், பிறகு யாரோ இருமினது. நல்ல பொக்ஸுக்கு இப்படி ஒரு காலமா என்று நினைத்துக்கொண்டு மிக்சரில் கையை வைத்தபடி நின்றேன். சுவரில் மங்கலாக ஏதோ அசைந்தது, கயிறோ கையோ, வெயிலில் தெரியவில்லை.

அப்போது ஒரு மணிச் சத்தம் வந்தது.

அன்றைக்கு அவள் போட்டதில் துப்பரவான சத்தம் அது ஒன்றுதான். நல்ல வெண்கல மணி, நீளமாக இழுத்து, மெதுவாக அடங்கியது. எனக்கு மனம் குளிர்ந்தது. இதையாவது நாலு பேர் கேட்கட்டும் என்று, மூடச் சென்மம் நான், வெளி லவுட்ஸ்பீக்கரைக் கொஞ்சம் கூட்டிவிட்டேன். நெடுநேரம் கழித்து இரண்டாவது அடி. அதே அளவு நேரம் கழித்து மூன்றாவது. பிறகு ஒரு பெரிய இடைவெளி. பிறகு மறுபடியும் ஒன்று.

எங்கள் கோயிலில் துக்கமணிக்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஓர் அடி அடித்தால், அடிக்கிறவர் ஓர் அருள் நிறைந்த மரியே செபத்தை முழுதாகச் சொல்லி முடித்த பிறகுதான் அடுத்த அடி. செத்தது பெண் என்றால் இரண்டு இரண்டாக, ஆண் என்றால் மூன்று மூன்றாக. கேட்டவுடன் ஊர் நின்றுவிடும். கடலுக்குப் போனவர்கள் வலை போடாமல் திரும்புவார்கள். யார் என்று கேட்கத் தேவையிருக்காது, எந்த வீட்டில் யார் கிடையில் இருக்கிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். இப்போது ஊரில் கிடையில் இருக்கிற ஆண் ஒரே ஒரு ஆள்தான்.

எனக்கு எல்லாம் தெரியும். சத்தம் லப்டொப்பிலிருந்து வருகிறது, என் வயரால் வருகிறது, என் மிக்சரில் பச்சை விளக்காக ஏறி இறங்குகிறது. தெரிந்தும் ஆறாவது அடியில் மிக்சரிலிருந்து கையை எடுத்துச் சிலுவை அடையாளம் போட்டேன். என் சொந்தப் பொக்ஸில் வந்த சத்தத்தைக் கேட்டு, அப்பா போய்விட்டார் என்று நானே நம்பினேன். ஒரு நிமிடம் இருக்கும். அந்த ஒரு நிமிடம் நான் பட்டதை இன்னும் ஒருவரிடமும் சொல்லவில்லை.

வாசலால் மிரோஜன் ஓடி வந்தான். பக்கத்து வளவுப் பெடியன், கடற்றொழில் செய்கிறவன். இருந்தவர்களை மிதிக்காத குறையாகக் கடந்து என்னிடம் வந்தான்.

“அக்கா, நீங்கள் இஞ்சையோ நிக்கிறியள்? உங்கட வீட்டை சனம் நிறைஞ்சு போச்சு.”

“ஏன்?”

“துக்கமணி அடிக்குதெல்லோ. போன் எடுத்தா உங்களுக்கு வேலை செய்யேல்லை. அங்கால, இப்ப மணி அடிக்கிற நிமலன் அண்ணை கோயில் மணிக்கூட்டடிக்கு ஓடிப்போய்ப் பாத்தா, கயிறு கட்டினபடி கிடக்குதாம். மனிசன் பயந்துபோய் நிக்கிறார். கடலுக்குப் போன போட் எல்லாம் திரும்புது.”

கோயில் கிட்டங்கிக்கு நேர் பின்னால். ஊருக்கு இரண்டும் ஒரே திசை. நான் மிக்சரில் எல்லாவற்றையும் ஒரே இழுவையில் கீழே இறக்கினேன். கிட்டங்கி அமைதியானது. சப்பாணி கட்டி இருந்தவர்கள் இதுவும் நிகழ்ச்சியில் சேர்த்தி என்று நினைத்து இன்னும் கவனமானார்கள்.

“என்னக்கா செய்யிறியள்?” வினோஜா எழும்பி வந்தாள்.

“நீர் என்ன செய்யிறீர்? ஆற்ற சாவுக்கு மணி அடிச்சனீர் எண்டு தெரியுமோ உமக்கு?”

“சாவோ? அது திரிகால மணி அக்கா. மத்தியானம் அடிக்கிறது. நான் அதை இழுத்து மெதுவாக்கினனான், அவ்வளவுதான்.”

திரிகால மணியும் மூன்று மூன்றுதான். அடுத்தடுத்து அடித்தால் செபத்துக்கு, இழுத்து அடித்தால் செத்தவீட்டுக்கு. இது அவளுக்கு எப்படித் தெரியும். வேதக்காரப் பிள்ளையும் இல்லை, சைவப் பிள்ளை.

“போன வருசம் பதிஞ்சது. உங்கட அப்பாதான் அடிச்சவர். நான் கீழ இருந்து பதிஞ்சனான், சசி வீடியோ எடுத்தவன்,” என்றாள். எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது, ரெக்கோடரோடு யாரோ பிள்ளைகள் வந்தார்கள் என்று அப்பா சொன்னது. பிறகு அவள் குரல் இறங்கியது. “ஆனா நான் உள்ளுக்குத்தானே போட்டனான். வெளியில என்னெண்டு கேட்டது?”

மிரோஜன் சுவர் உச்சியைப் பார்த்தான். அவளும் பார்த்தாள். சசிகரனும் பார்த்தான். நான் மட்டும் பார்க்கவில்லை. பையைத் திறந்து போனைப் போட்டேன். போட்டவுடனேயே அம்மாவின் அழைப்பு வந்தது. எடுத்தேன்.

“எடி, எங்கயடி போனனீ? கொப்பர்...” என்று சொல்லிவிட்டு அம்மா அழத் தொடங்கினாள். பின்னால் சனத்தின் சத்தம். நான் பொக்ஸின் மேலேயே இருந்துவிட்டேன்.

“அம்மா, சொல்லுங்கோ.”

“கொப்பர் கட்டிலால இறங்கிட்டாரடி. சனம் அழுதுகொண்டு உள்ளுக்கு வர, இவர் காலைக் கீழ வைச்சு எழும்பி நிக்கிறார். எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. தெருவைத் தெருவைக் கையைக் காட்டுறார். ஓட்டோவில ஏத்திட்டினம். அங்கதான் வாறம்.”

மணி கிட்டங்கியில்தான் அடிக்கிறது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. என் லவுட்ஸ்பீக்கரின் குரலை அவருக்குத் தெரியும். ஊர் முழுக்க ஏமாந்தது, நான் ஏமாந்தேன், அந்த ஒரு மனிதர் ஏமாறவில்லை.

ஐந்து நிமிடத்தில் ஓட்டோ வாசலுக்கு வந்தது. மிரோஜனும் இன்னொருவனும் அவரைக் கதிரையோடு தூக்கி உள்ளே கொண்டுவந்து அறுத்த வள்ளத்துக்குப் பக்கத்தில் வைத்தார்கள். சாரமும் தோளில் ஒரு துவாயும். அம்மா சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு பின்னால் வந்தாள். கொழும்பு ஆட்கள் எழும்பி நின்றுவிட்டார்கள். அப்பா ஒருவரையும் பார்க்கவில்லை. நெற்றி நரம்பு புடைத்திருந்தது. வாய் ஒரு பக்கமாக இழுபட்டு, எச்சில் வழிந்து, அவர் தாடையை அசைத்து அசைத்து எதையோ திரட்டினார். நான் போய் முழங்காலில் முன்னால் இருந்தேன்.

“ஆர்,” என்றார். சொல் கோணித்தான் வந்தது. ஆனால் சொல்தான். “ஆர் அடிச்சது?”

இடக்கையால் கதிரையைத் தட்டினார்.

“செபத்தை விழுங்கிப்போட்டான்.” மூச்சு வாங்கினார். “அரைச் செபத்தில அடிக்கிறான். ஆர் அந்தக் கழுதை?”

வினோஜா என்னைப் பார்த்தாள். அவளுக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது, சிரிப்பு வருகிற மாதிரியும் இருந்தது. சொல்ல வாயெடுத்தாள். நான் தலையை ஆட்டி வேண்டாம் என்றேன்.

அதற்குள் வெயில் இறங்கிவிட்டது. என்னுடைய கணக்குப்படி, சரியாக ஆறு நாற்பதுக்கு. சசிகரன் படத்தை நிறுத்த மறந்துபோயிருந்தான். சுவர் முழுக்க இரண்டு கைகள் கயிற்றைப் பிடித்து மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டிருந்தன. பெருவிரலில் நகம் போன தழும்பு தெரிந்தது. அம்மா சுவரைப் பார்த்தாள், பிறகு கதிரைக் கையில் செத்துக் கிடந்த அந்த வலக்கையைப் பார்த்தாள், தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். அப்பாவும் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். அது யாருடைய கை என்று அவருக்குத் தெரிந்ததா என்று எனக்குத் தெரியாது.

“திருப்பி அடி,” என்றார். “நான் சொல்லுறன். அதுக்குப் பிறகு அடி.”

வினோஜா லப்டொப்பின் முன்னால் போய் இருந்தாள். நான் ஏணியில் ஏறி வெளி லவுட்ஸ்பீக்கர் இரண்டின் வயரையும் பிடுங்கிவிட்டு வந்து மிக்சரைத் திறந்தேன். நாலு பொக்ஸிலும் ம்ம்ம் என்று வந்தது.

“அன்ரனிட்டா,” என்றார் அப்பா, திரும்பாமல். “இரையுது.”

நான் வினோஜாவைப் பார்த்தேன். “எடுங்கோ அக்கா,” என்றாள் மெதுவாக. தரையில் குனிந்து அந்தப் பழுதான வயரைத் தேடினேன். காலையில் ஒன்றரை மணித்தியாலம் தேடியதுதான், எது என்று நன்றாகத் தெரியும். ஆனால் கண் மறைத்துக்கொண்டு வந்ததால் ஒவ்வொரு வயராகத் தடவித்தான் கண்டுபிடித்தேன். இரைச்சல் நின்றது.

ஒரு மணி அடித்தது. அப்பா செபத்தைத் தொடங்கினார். ஒவ்வொரு சொல்லையும் கல்லைப் புரட்டுகிற மாதிரிப் புரட்டினார். முதல் பாதி ஒருவாறு முடிந்தது. இரண்டாம் பாதியில் மரண நேரம் என்று வருகிற இடத்தில் நாக்குத் தடக்கியது. வினோஜாவின் விரல் அசைந்தது. அவர் இடக்கையைத் தூக்கி, பொறு என்றார். திரும்பவும் முதலிலிருந்து தொடங்கினார்.

வெளியே துறையடியில் படகுகளின் இயந்திரம் ஒவ்வொன்றாக நின்றது. வலை போடாமல் திரும்பியவர்கள், ஈரச் சாரத்தோடு, அவருடைய செத்தவீட்டுக்கென்று வந்தவர்கள், கிட்டங்கி வாசலில் ஒருவர் பின்னால் ஒருவராக வந்து நின்றார்கள். யாரோ என்ன என்று கேட்க, மிரோஜன் உதட்டில் விரலை வைத்தான். அப்பா அதே இடத்தில் மறுபடியும் தடக்கி, தலையை உதறி, இன்னும் கோபமாக முதலிலிருந்து தொடங்கினார். இடக்கை இறங்கவில்லை. சுவரில் அந்தப் பெரிய கைகள் கயிற்றோடு கீழே வந்து, அடுத்த அடிக்காக நின்றன.